வாசலில் ஊற்றும் தண்ணீர்

கமலநாதனுக்கு அந்த அடுக்குமாடியில் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, உயிரோடிருப்பவர்களின் குழாய்களைச் சரிசெய்வது. அதில் அவருக்கு நல்ல பெயர் கிடையாது. கூப்பிட்டால் நாலு நாள் கழித்துத்தான் வருவார், வந்தாலும் முனகிக்கொண்டேதான் ஸ்பேனரைத் தொடுவார். இன்னொன்று, செத்தவர்களைக் குளிப்பாட்டத் தண்ணீர் ஏற்பாடு செய்வது. அதற்கு மட்டும் சொல்லி வாய் மூடுவதற்குள் வந்து நிற்பார். எந்த மாடியில் யாருக்கு மூச்சு இழுத்தாலும், டாக்டருக்கு அடுத்தபடி போன் போவது பைப் அண்ணனுக்குத்தான்.

கிள்ளானில் பண்டமாரான் பக்கம், ரயில் பாதையைப் பார்த்தபடி நிற்கும் பதின்மூன்று மாடிக் கட்டடம் அது. வேலை பார்த்த தோட்டம் கைமாறியபோது பெட்டி படுக்கையோடு வெளியே வந்த சனங்கள்தான் அங்கே பாதிக்கு மேல். கட்டியவன் பெரிய கெட்டிக்காரன். மனிதர்கள் பிறப்பார்கள், சமைப்பார்கள், தூங்குவார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சாவார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. வீட்டுக்குள் குளிக்கிற இடமும் கழிவறையும் ஒன்றேதான். ஓர் ஆள் உள்ளே நின்றால் கதவைச் சாத்தவே சிரமம். ஹாலில் தண்ணீர் போக வழியில்லை. வாசலுக்கு வெளியே நீண்ட நடைபாதை இருக்கிறது, அதிலும் வடிகால் இல்லை. போதாததற்கு, அந்த நடைபாதை லேசாகச் சரிந்து கடைசியில் போய் நிற்கிற இடம் லிஃப்ட் கதவு.

தமிழர் வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால், எண்ணெயும் அரப்பும் வைத்து, சொந்தபந்தம் எல்லாம் ஆளுக்கொரு சொம்பு தண்ணீராவது ஊற்றித்தான் அனுப்ப வேண்டும். அதை எங்கே ஊற்றுவது? கக்கூஸில் வைத்து ஊற்ற யாருக்கும் மனம் வராது. சிலர் கீழே கார் பார்க்கில் கொட்டகை போட்டு, நாலு பக்கமும் கென்வாஸ் கட்டிச் செய்தார்கள். மற்றவர்கள் வாசலிலேயே ஊற்றினார்கள்.

வாசலில் ஊற்றுவதற்குக் கமலநாதன் ஒரு வழி வைத்திருந்தார். தடித்த கென்வாஸை விரித்து, ஓரங்களைச் செங்கல் வைத்து உயர்த்தி, பெரிய தட்டம் மாதிரி ஆக்கிவிடுவார். நடுவில் ஓர் ஓட்டை. அதில் குழாயைப் பொருத்தி, வீட்டுக்குள் இழுத்து, கழிவறைத் தரையில் இருக்கும் வடிகால் துளையான ஃபுளோர் ட்ராப்பில் விட்டுவிடுவார். எத்தனை சொம்பு ஊற்றினாலும் தண்ணீர் அடங்கி ஒடுங்கி உள்ளே போய்விடும். இதுபோக, லிஃப்ட் கதவின் முன்னால் பழைய கைலிகளைச் சுருட்டி, பிளாஸ்டிக் பை சுற்றி, அணை ஒன்றும் கட்டிவைப்பார். அவர் ஏற்பாடு செய்த எந்தச் சாவிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் லிஃப்டுக்குள் போனதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவர் மனைவி லெட்சுமிக்குச் சர்க்கரை வியாதி முற்றி, இரண்டு வருடங்களுக்கு முன் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ். ஒன்பதாவது மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கி, வேனில் ஏறிப் போய், மதியத்துக்கு மேல் பிழிந்த துணியாகத் திரும்பி வருவாள். அப்படி ஒருநாள் திரும்பி வரும்போது கீழே கார் பார்க்கில் ஒரு கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். காற்றில் கென்வாஸ் தூக்கிக்கொண்டது. சாப்பாடு கொண்டுவந்த மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தான்.

அன்றைக்கு லெட்சுமி சோற்றைத் தொடவில்லை.

"என்னங்க, என்னைய அங்க வச்சுக் குளிப்பாட்டிடாதீங்க" என்றாள். "ஆஸ்பத்திரியிலயும் வேணாம். நம்ம வாசல்லயே ஊத்திடுங்க. ஊருக்கெல்லாம் செய்றீங்க, எனக்குச் செய்ய மாட்டீங்களா?"

"இப்ப என்ன அதுக்கு அவசரம்?"

"அவசரம் இல்ல. சொல்லி வைக்கிறேன்."

"சரி லா. செய்றேன்."

அவள் அதற்கு முன்னும் பின்னும் அவரிடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை. நகை கேட்டதில்லை, ஊர் சுற்றக் கேட்டதில்லை. இது ஒன்றைத்தான் கேட்டாள். அதனால்தான் அந்த விஷயம் அவர் மனதில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது.

அடுத்த சில மாதங்களில் நகராட்சி மன்றம் பழைய குழாய் விதிகளைத் திருத்தப் போவதாகச் செய்தி வந்தது. கட்டடங்களின் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், வடிகால் எல்லாவற்றுக்கும் புது விதிகள். குடியிருப்பாளர்கள் நேரில் வந்து கருத்துச் சொல்லலாம். நிர்வாகக் குழுத் தலைவன் லோகன் அந்த வரைவை எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டான். வழக்கம்போல யாரும் படிக்கவில்லை. கமலநாதன் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மலாய் வாசகத்தை வரிவரியாகப் படித்தார். நடுவில் ஓர் இடத்தில் அவருக்குத் திக்கென்றது. வடிகால் இணைப்பு இல்லாத எந்தப் பொது இடத்திலும் தண்ணீர் ஊற்றக் கூடாது. மீறினால் அந்தக் கட்டடத்தின் நிர்வாகமே பொறுப்பு.

கொடுமை என்னவென்றால், அந்த விதி சரியானது. தண்ணீர் விழுகிற இடத்தில் அது போவதற்கு வழி இருக்க வேண்டும் என்று தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கத்திக்கொண்டிருப்பவர் அவர்தான். அந்த விதியை வேறு எவனாவது எதிர்த்திருந்தால் அவனைப் பிடித்துத் திட்டியிருப்பார். ஆனால் லெட்சுமி கேட்டிருக்கிறாளே.

கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். லோகனும் கூட வந்தான். திருத்தக் குழுவுக்குப் பொறுப்பானவர் நடுவயது மலாய்ப் பெண்மணி, பொறியாளர். பொறுமையாகக் கேட்டார். கமலநாதன் மலாயில் தட்டுத் தடுமாறி ஆரம்பித்து, சூடு பிடித்ததும் நன்றாகவே பேசினார். எங்கள் சாவில் தண்ணீர் ஊற்றுவது விளையாட்டு அல்ல, அது இல்லாமல் ஓர் ஆளை வழியனுப்ப முடியாது என்றார். ஒவ்வொரு மாடி நடைபாதையிலும் ஒரு ஃபுளோர் ட்ராப் வைத்து, பக்கத்தில் இறங்கும் கழிவுக் குழாயோடு சேர்த்துவிடுங்கள், தீர்ந்தது என்றார்.

"என்சிக் நாதன், ஒரு சந்தேகம்" என்று மலாய் மரியாதையில் விளித்தார் அந்தப் பொறியாளர். "ட்ராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்றால்தான் கழிவுக் குழாயின் நாற்றம் மேலே வராது. நீங்கள் யாராவது இறந்தால்தான் அங்கே தண்ணீர் ஊற்றுவீர்கள். இடைப்பட்ட நாள்களில் அது காய்ந்து போகாதா?"

லோகன் கமலநாதன் காதில், "நம்ம ஃபிளெட்ல அது எங்கண்ணே காயப் போவுது" என்று முணுமுணுத்தான்.

கமலநாதன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கேள்வி நியாயமான கேள்வி. கடைசியில் அவரும் அதே மரியாதையோடு, "சரி, புவான். புதுக் கட்டடத்துக்கெல்லாம் கீழே தனி அறை கட்டச் சொல்லுங்க, குழாயும் வடிகாலும் வச்சு. பழைய கட்டடத்துல வாசல்ல ஊத்த விடுங்க. தண்ணிக்கு ஒரு ஆள் பொறுப்பு எடுத்துக்கட்டும்" என்றார்.

"யார் பொறுப்பு எடுப்பார்கள்?"

"எங்க கட்டடத்துல நான் எடுத்துக்கிறேன். இத்தனை வருஷத்துல ஒரு சொட்டு போனதில்ல."

அந்தப் பெண்மணி யோசித்தார், குறித்துக்கொண்டார். பழைய கட்டடங்களுக்கு அப்படியொரு விலக்கை வரைவில் சேர்க்கப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். இறுதி முடிவு வரும்வரை உங்கள் கட்டடத்தைக் கவனிப்போம் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கமலநாதன் வீட்டுக்கு வந்து லெட்சுமியிடம் அப்படியே ஒப்பித்தார். அவள் கட்டிலில் சாய்ந்து, டாக்டர் அளந்துவிட்ட ஒரு கிளாஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பேரையா எழுதிக்கிட்டாங்க?" என்று கேட்டாள்.

"ஆமா. வேற யாரு பேரை எழுதுவாங்க?"

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அது ஏன் என்று அவருக்கு அப்போது விளங்கவில்லை.

பன்னிரண்டாவது மாடியில் இராஜம்மா இறந்தது ஒரு வியாழக்கிழமை விடியலில். வயதான மனுஷி, பெரிய குடும்பம். பந்திங்கிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரப் பெண்கள் வந்து இறங்கினார்கள். கமலநாதன் தன் சாமான்களோடு மேலே போனார். கென்வாஸை விரித்தார், செங்கல் வைத்தார், குழாய் இழுத்தார், லிஃப்ட் முன்னால் கைலி அணையைக் கட்டினார். மன்றம் கவனிக்கிறது என்ற நினைப்பில் அன்றைக்கு இரண்டு கைலி கூடுதலாகவே வைத்தார். நாற்பது ஐம்பது பேர் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. இராஜம்மாவின் மகன் யுகேந்திரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

பிறகு பெட்டியை எடுத்தார்கள். ஆண்கள் எல்லாம் பின்னாலேயே இறங்கினார்கள். வழக்கம் அதுதான். ஆண்கள் மின்சுடலைக்குப் போவார்கள். பெண்கள் வீட்டிலிருந்து, பெட்டி தெருமுனை தாண்டியதும் வீட்டைக் கழுவிவிடுவார்கள். உள்ளிருந்து வெளியே தள்ளித்தான் கழுவ வேண்டும். சாவுத் தீட்டை உள்பக்கம் தள்ள எந்தப் பெண்ணும் சம்மதிக்க மாட்டாள். கமலநாதனும் சிம்பாங் லீமா மின்சுடலைக்குப் போய், எல்லாம் முடியும்வரை நின்றார். அன்றைக்கு மட்டுமல்ல, எல்லாச் சாவிலும் அவர் அப்படித்தான் போனார். குளிப்பாட்டும் தண்ணீரை அடக்கத் தெரிந்த மனிதர், கழுவும் தண்ணீர் நேரத்தில் ஒருநாளும் அங்கே இருந்ததில்லை.

பந்திங்குப் பெண்கள் தரைவீட்டுக்காரர்கள். முன்வாசலைக் கழுவினால் தண்ணீர் தானாகத் தெருவோர லோங்காங் சாக்கடைக்குப் போய்விடும், அவர்கள் கண்டது அவ்வளவுதான். லிஃப்ட் முன்னால் நனைந்து கிடந்த கைலிகளைப் பார்த்தார்கள். சாவுத் தண்ணீர் பட்ட துணியை வீட்டோடு வைக்கலாமா? சுருட்டிக் குப்பைப் பையில் போட்டுக் கீழே அனுப்பிவிட்டார்கள். பிறகு ஹோஸை முழுசாகத் திறந்துவிட்டு, துடைப்பத்தால் தள்ளித் தள்ளி, நிறைந்த மனதோடு கழுவினார்கள். தண்ணீர் சரிவில் ஓடி லிஃப்ட் கதவுக்கு அடியில் இறங்கியது. பன்னிரண்டு மாடி உயரத்திலிருந்து உள்ளே கொட்டியது. அவர்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. செய்ய வேண்டியதைச் சுத்தமாகச் செய்தார்கள்.

கமலநாதன் திரும்பி வந்தபோது லிஃப்ட் நின்றிருந்தது. மேலே என்னமோ கருகிய வாடை. பக்கத்து லிஃப்ட் போன வருடமே உயிரை விட்டு, அதன் பாகங்களைக் கழற்றித்தான் இதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். லோகன் தலையில் கை வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்.

"எப்படிண்ணே இது? இத்தனை சாவு நடந்திருக்கு, ஒரு நாளும் இப்படி ஆனதில்லையே."

அதைத்தான் கமலநாதனும் யோசித்தார். மற்றச் சாவுகளிலும் பெண்கள் கழுவத்தானே செய்தார்கள், மற்றச் சாவுகளிலும் அவர் சுடலைக்குத்தானே போனார். ஒன்பது மாடியும் படியேறி, மூச்சு வாங்க வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் அது அவருக்கு உறைத்தது. எல்லாச் சாவிலும் லெட்சுமி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு லிஃப்ட் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நோய் வந்த பிறகு வாசலில் ஊற்றிய சாவு எதுவும் டயலிசிஸ் நாளில் விழவில்லை, அப்போதும் உட்கார்ந்திருந்தாள். சும்மா காற்றுக்கு உட்கார்ந்திருக்கிறாள், ஊர்க்கதை கேட்க உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அவள்தான் அந்தக் கைலிகளை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டவள். இந்தப் பக்கம் தள்ளாதீங்கம்மா, துணியை நனைச்சுத் துடைங்க போதும் என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னவள். இன்றைக்கு வியாழக்கிழமை. அவள் ஊசியோடு மெஷினில் படுத்திருந்தாள்.

மன்றத்தில் அவர் பேரை எழுதிக்கொண்டதற்கு அவள் ஏன் சிரித்தாள் என்பதும் அப்போதுதான் விளங்கியது. இது அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக, அன்று மாலை அவள் வேனிலிருந்து இறங்கி, ஓடாத லிஃப்டைப் பார்த்து நின்றபோது, பயமாக இருந்தது.

லிஃப்ட் பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். நாள் சொல்லவில்லை. லெட்சுமியை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் தூக்கிப் படியில் இறக்கினார்கள், ஏற்றினார்கள். முதல் வாரம் பையன்கள் போட்டி போட்டு வந்தார்கள். ஆன்டி, கெட்டியா புடிச்சுக்குங்க என்று கேலி பேசிக்கொண்டே தூக்கினார்கள். இரண்டாவது வாரம் ஒருவனுக்கு ஷிப்ட் மாறிவிட்டது, ஒருவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. யாரையும் கோபிக்க முடியாது. பதினோராவது மாடியில் பவுனம்மாளும் டயலிசிஸ்காரிதான். அதே நாலு கைகள் அவளையும் தூக்க வேண்டியிருந்தது.

சுங்கை பூலோவில் இருக்கும் மகள் மதுமிதா, "அம்மாவ இங்க கொண்டாந்துடுங்கப்பா" என்றாள். அங்கே டயலிசிஸுக்கு இடம் கிடைக்க எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். கிள்ளானிலேயே தரைவீட்டுச் சொந்தம் ஒன்றிரண்டு இருந்தது. லெட்சுமி ஒப்பவில்லை.

"யார் வீட்டுலயும் போய் நான் கெடக்க மாட்டேன்" என்றாள். "போற உசிரு நம்ம வீட்டுல இருந்தே போகட்டும்."

மூன்றாவது வாரச் சனிக்கிழமை தூக்க இரண்டு பேர்தான் வந்தார்கள். கமலநாதன் மூன்றாவது ஆளாகக் கை கொடுத்தார். ஏழாவது மாடித் திருப்பத்தில் அவர் பிடி நழுவி, நாற்காலி சாய்ந்து, லெட்சுமியின் தோள் சுவரில் மோதியது. அவள் கத்தவில்லை. "திருப்பிக் கொண்டு போங்க, இன்னிக்கு வேணாம்" என்றாள். "ஒரு நாள்தானே. தண்ணி கம்மியா குடிச்சுக்கிறேன்." செவ்வாய்க்கிழமையும் வேண்டாம் என்றாள். அவர் கெஞ்சினார், திட்டினார், கடைசியில் அவள் மேல் உள்ள கோபத்தைச் சுவரில் குத்திக் காட்டினார். புதன்கிழமை மத்தியானம் படுக்க முடியாமல் உட்கார்ந்துகொண்டு மூச்சுக்குத் தவித்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு ஒன்பது மாடி ஏறி வந்து, ஒன்பது மாடி இறங்கிப் போனார்கள்.

ஆஸ்பத்திரி வார்டுக்கு வெளியே அவர் நின்றிருந்தபோதுதான் மன்றத்திலிருந்து அந்தப் பொறியாளர் போன் செய்தார்.

"என்சிக் நாதன், உங்கள் கட்டடத்தில் நடந்ததையும், உங்கள் மனைவி மருத்துவமனையில் இருப்பதையும் கேள்விப்பட்டேன். விதிகள் இந்த வாரம் இறுதியாகின்றன. அந்த விலக்கை எடுத்துவிட வேண்டும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். நடந்தது ஒரு விபத்து, இனி நடக்காது என்று நீங்கள் உறுதி சொன்னால், நான் உங்களுக்காக வாதாடத் தயார்."

நல்ல மனுஷி. அவர் அப்படிக் கேட்காமலேயே விலக்கை எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் கமலநாதன் இன்றைக்கும் மன்றத்தைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார்.

கண்ணாடி வழியாக லெட்சுமியைப் பார்த்தார். முகத்தில் ஆக்சிஜன் மூடி, கால்கள் இரண்டும் வீங்கிப்போய், கண்ணை மூடிக் கிடந்தாள். உறுதி சொல்லலாம். ஒரே ஒரு வார்த்தை. அவளுக்காகவாவது சொல்லலாம். ஆனால் எதை வைத்து உறுதி சொல்வது? அந்தத் தண்ணீரை நிறுத்தியவள் உள்ளே கிடக்கிறாள்.

"எடுத்துடுங்க, புவான்" என்றார்.

"நிச்சயமாகவா? நீங்கள்தானே அவ்வளவு கேட்டீர்கள்."

"தண்ணியைத் தடுத்தது நான் இல்ல, புவான். நான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அந்தப் பெண்மணிக்கு அது புரிந்திருக்காது. உங்கள் மனைவி நலமாகட்டும் என்று சொல்லிப் போனை வைத்தார்.

அன்று சாயந்தரம் லெட்சுமிக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. மதுமிதா பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். லெட்சுமி மூடியை விலக்கிவிட்டுக் கணவனைக் கூப்பிட்டாள்.

"வீட்டுக்குத்தானே கொண்டு போவீங்க?"

"ஆமா."

"நம்ம வாசல்லதானே?"

மதுமிதா அப்பாவைப் பார்த்தாள்.

"வாசல்லதான்" என்றார் கமலநாதன். "நீ பேசாமப் படு."

இரண்டு நாள் கழித்து அவள் போய்விட்டாள். அதற்குள் லிஃப்ட் ஓட ஆரம்பித்திருந்தது, அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒன்பதாவது மாடி நடைபாதையில் கூட்டம் நின்றது. இடுப்பில் குடங்களோடு பெண்கள், எண்ணெய்க் கிண்ணம், அரப்புக் கிண்ணம், புதுப் புடவை, எல்லாம் தயாராக இருந்தன. கென்வாஸ் மட்டும் இல்லை. லோகன் அவரைத் தனியே அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அண்ணே, விதி நேத்தே வந்துடுச்சு. ஆனா நீங்க செய்ங்க. கமிட்டியில பேசிட்டேன், யாரும் பாக்காத மாதிரி இருந்துடுவாங்க. அக்காவுக்குச் செய்யாம யாருக்குச் செய்றது."

"வேணாம், தம்பி."

"நான் லிஃப்ட்கிட்ட நின்னு பாத்துக்கிறேண்ணே."

"நீ ஆம்பள. சுடலைக்கு வந்துடுவ." கமலநாதன் நிமிர்ந்து மேலே பார்த்தார். "இன்னிக்குச் சனிக்கிழமை. பவுனம்மா மத்தியானம் டயலிசிஸுக்கு எறங்கணும். மறுபடி லிஃப்ட் நின்னா அவங்கள யாரு தூக்குவா?"

லோகன் லிஃப்ட் பக்கம் திரும்பிப் பார்த்தான். கீழே கார் பார்க்கில் ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டான். அதற்கும் தலையை ஆட்டிவிட்டு, கமலநாதன் உள்ளே போனார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப்போய்க் கழிவறைக்குள் வைத்தார். பிறகு குனிந்து லெட்சுமியைத் தூக்கினார். வீட்டுக்குள் சத்தம் எழுந்தது.

"கக்கூஸ்லயா?" என்றாள் அவளுடைய தங்கை. "அத்தான், உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? மகாராசிய கக்கூஸ்ல வச்சா ஊத்துவீங்க?"

"ரெண்டு வருஷமா இங்கதான் குளிப்பாட்டுறேன்" என்றார் கமலநாதன். "அவளுக்குப் பழக்கம்தான்."

மதுமிதா மட்டும் கிட்டே வந்து நின்றாள். "அப்பா, அம்மா கேட்டதே இது ஒண்ணுதான்" என்றாள். அவர் காதில் விழாதவர் மாதிரி இருந்தார்.

உள்ளே இருவருக்குத்தான் இடம் இருந்தது, அந்த இருவர் அவரும் லெட்சுமியும். உறவுக்காரர்கள் வாசலிலிருந்து வரிசையாக நின்றார்கள். எண்ணெய் வைக்க முடியாதவர்கள் கிண்ணத்தைத் தொட்டுக் கொடுத்தார்கள். ஊற்ற முடியாதவர்கள் சொம்பைத் தொட்டுக் கொடுத்தார்கள். எல்லாச் சொம்பும் கைமாறிக் கைமாறி அவரிடம் வந்தது. ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி அவரே ஊற்றினார். உன் தங்கச்சி ஊத்துது. யுகேந்திரன் ஊத்துறான். பவுனம்மா கொடுத்தனுப்பியிருக்காங்க. மதுமிதாவின் சொம்பு வந்தபோது அவர் பெயர் சொல்லவில்லை. சும்மா ஊற்றினார். ஊற்றிய தண்ணீர் ஒரு நொடி நின்று, பிறகு கடகடவென்று இறங்கிப் போனது. நடைபாதையில் ஒரு சொட்டு விழவில்லை.

மின்சுடலையிலிருந்து திரும்பி வந்தபோது பெண்கள் வீட்டைக் கழுவாமல், பிழிந்த துணியால் துடைத்துவிட்டிருந்தார்கள். வாசலில் மதுமிதா நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரியில அம்மா கேட்டப்ப, வாசல்லதான்னு சொன்னீங்களே, அப்பா. அப்புறம் மனசு மாறிட்டீங்களா?"

"இல்ல" என்றார். "சொல்லும்போதே தெரியும்."

அவள் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு வழிவிட்டு ஒதுங்கினாள்.

சுடலைக்குப் போய் வந்தவர் குளிக்காமல் வீட்டில் எதையும் தொடக் கூடாது. கமலநாதன் நேரே கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தலையில் இரண்டு வாளி ஊற்றினார். தண்ணீர் இறங்கவில்லை. கணுக்கால் வரை ஏறி, அரப்பு மணத்தோடு நின்றது. தொழில்காரர் கை சும்மா இருக்குமா? குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஃபுளோர் ட்ராப் மூடியைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு அடைப்பை வெளியே இழுத்தார். பச்சை அரப்புக் கட்டியோடு லெட்சுமியின் முடி, நரைத்ததும் கருத்ததுமாக, ஒரு பிடி. தண்ணீர் சுழித்துக்கொண்டு போய்விட்டது. அந்த முடியை எங்கே போடுவதென்று தெரியாமல், கையில் வைத்துக்கொண்டு அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.